தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று

கழுகு அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது என்ற செய்தி பரவிய அன்று, அந்தத் துணிக்கடையில் கீழ்த்தளம் முதல் மேல்மாடி வரை சிரிக்காதவர்கள் குறைவு. அவள் முகத்துக்கு நேரே சிரிக்க மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கடையில் அவளுக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். சீருடை கிடையாது. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, துணி வாங்க வந்தவள் போல மாடி மாடியாகச் சுற்ற வேண்டும். யார் எதை எங்கே செருகுகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். துணி வாங்க வந்தவர் துணியைப் பார்ப்பார். சுருட்ட வந்தவர் சுற்றியிருக்கும் ஆட்களைப் பார்ப்பார். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டே எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தாள். பில் போடும் பெண்கள்தான் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்தார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்தது.

புரை விழுந்ததை அவள் லேசில் நம்பவில்லை. மேனேஜர் மட்டமான பல்புகளை வாங்கிப் போட்டுவிட்டார் என்று முதலில் சந்தேகப்பட்டாள். பிறகு, கண்ணாடிக் கடைக்காரர் யாருக்கோ செய்த லென்ஸைத் தன் தலையில் கட்டிவிட்டார் என்று சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒரு நாள், படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்த ஒருத்தியிடம் போய், "என்னம்மா, ரொம்ப நேரமா இங்கயே நிக்கறீங்க?" என்று அதட்டினாள். அது துணி மாட்டியிருந்த பொம்மை. மறுநாளே கண் டாக்டரிடம் போய்விட்டாள்.

கூடப் போனது தங்கை. ஐம்பதைத் தாண்டியும் அக்காவுக்கு அவள் இன்னும் 'குட்டி'தான். பெற்றவர்கள் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன வீட்டில் இரண்டு பேரும்தான். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குட்டி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். சமையல், சாமான் வாங்குவது, கரண்ட் பில், குழாய் ரிப்பேர் எல்லாம் அவள் பொறுப்பு. வாசல் கதவைத் திறக்கும் முன் ஓட்டை வழியாக யார் என்று பார்ப்பது மட்டும் அக்காவின் பொறுப்பு.

கண் டாக்டர் சின்ன வயதுக்காரர். நிதானமாகப் பேசினார். ஆனால் என்ன பேசினார் என்பது அக்காவுக்குப் பாதிக்கு மேல் ஞாபகமில்லை. கண்ணில் மருந்தை விட்டிருந்தார்கள், எதிரே எல்லாம் பால் கலந்தது போல வெளுத்துக் கிடந்தது. கண்ணில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்ற ஒரே நினைப்புதான் அவளுக்குள் ஓடியது. நடுவில் டாக்டர் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு முக்கோண ஓட்டை பண்ணச் சொல்லி, அதன் வழியாகக் கதவுக் கைப்பிடியைப் பார்க்கச் சொன்னார். எந்தக் கண் முந்திக்கொண்டு பார்க்கிறது என்று தெரியவாம். இது என்ன விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் ஏதோ கேட்டார். குட்டி ஏதோ பதில் சொன்னாள். டாக்டர் மறுபடி இவளிடம் திரும்பி, "உங்களுக்குச் சம்மதம்தானேம்மா?" என்றார். "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க" என்று தலையாட்டி வைத்தாள்.

வலது கண்ணில் முதலில் செய்தார்கள். கட்டைப் பிரித்ததும் உலகத்தையே யாரோ துடைத்து வைத்தது போலிருந்தது. எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று எண்ண முடிந்தது. தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் எண்ணைக் குட்டிக்கு முன்னால் படித்தாள். ஊரெல்லாம் டாக்டரைப் புகழ்ந்தாள். சில வாரம் கழித்து இடது கண்ணிலும் செய்தார்கள்.

அன்றுதான் ஆரம்பித்தது.

ஆபரேஷன் முடிந்து, இடது கண் மேல் பிளாஸ்டிக் மூடியோடு திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். கதவருகே குட்டியின் குரல் கிசுகிசுத்தது.

"இப்ப சொல்ல வேண்டாங்க. முதல்ல இதுக்குப் பழகட்டும். தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

ஓர் ஆண்குரல், "எத்தனை நாளுக்குத்தான் மறைக்கறது? என்னிக்கு இருந்தாலும் தெரியத்தானே போகுது?" என்றது.

அக்கா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டாள். அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் தூரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் குட்டி உள்ளே வந்து, "முழிச்சிட்டியாக்கா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்" என்று சிரித்தாள். இந்த மாதிரிச் சிரிப்பை அக்கா கடையில் நிறையப் பார்த்திருக்கிறாள். பையில் எதுவும் இல்லை என்று காட்டும் சிரிப்பு.

மூடியை எடுத்த மறுநாள் காலை, டம்ளரில் ஊற்றிய டீ மேஜை மேல் ஓடியது. டம்ளர் அங்கேதான் இருந்தது. டீ மட்டும் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. மாடிப்படியில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று காலை வைத்தால் இன்னும் ஒரு படி இருந்தது. அக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. ஜன்னல் பக்கம் போய் நின்று, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். தெரு கரைந்துபோய்க் கிடந்தது. எதிர்வீட்டுக்காரரா, அவர் வீட்டு வாசலில் சாத்தியிருக்கும் சைக்கிளா என்றுகூடப் பிரிக்க முடியவில்லை.

"குட்டி! இந்தக் கண்ணைக் கெடுத்துட்டாங்கடி!"

குட்டி கரண்டியோடு ஓடி வந்தாள். "கெடுக்கலக்கா. வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க. ஒரு கண்ணு தூரத்துக்கு, ஒரு கண்ணு கிட்டத்துக்கு. மோனோவிஷன்னு பேரு. கண்ணாடியே வேண்டாம். கொஞ்ச நாள்ல பழகிடும்."

"யாரு கேட்டா இதை?"

"டாக்டர் உன்கிட்டயும் சொன்னாரே. நீதானே தலையாட்டினே?"

"யாரு கேட்டான்னு கேட்டேன்."

"அடுப்புல பால் இருக்குக்கா" என்று குட்டி உள்ளே போய்விட்டாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாலைப் பார்க்கப் போகிறவர்களை அக்காவுக்குத் தெரியாதா? தப்பான லென்ஸை வைத்துவிட்டு, வேண்டுமென்றேதான் வைத்தோம் என்று டாக்டர் சப்பைக்கட்டு கட்டுகிறார். தங்கச்சியும் அதற்கு உடந்தை. இவ்வளவுதான் முதல் சந்தேகம். ஆனால் சந்தேகம் ஒன்றோடு நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அன்றிலிருந்து குட்டியை ஒரு வாடிக்கையாளரைப் போலக் கண்காணிக்க ஆரம்பித்தாள். போன் வந்தால் குட்டி பால்கனிக்குப் போனாள். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்பெல்லாம் ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கி, உப்பு, சர்க்கரை, மிளகு என்று ஒவ்வொன்றின் மேலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். மேல் தட்டில் இருந்ததையெல்லாம் கை எட்டும் தட்டுக்கு மாற்றினாள். தண்ணீர்க் குழாயின் மெயின் வால்வு எங்கே, மோட்டார் சுவிட்ச் எங்கே, கேஸ் சிலிண்டரை எப்படி மாட்டுவது என்று அக்காவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"தெரிஞ்சு வெச்சுக்கோக்கா. கண்ணை மூடிக்கிட்டே போடற அளவுக்குப் பழகிடணும்."

அக்காவின் கை சிலிண்டர் மேலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே. இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கொட்டை எழுத்து, எட்டும் தட்டு, தெரிந்தால் தாங்கமாட்டாள் என்ற கிசுகிசுப்பு. கெட்டுப்போனது ஒரு கண் மட்டும் இல்லை. இரண்டும் போகப்போகிறது. டாக்டருக்குத் தெரியும், குட்டிக்கும் தெரியும். இருட்டுக்கு இவளைப் பழக்குகிறார்கள்.

அதை வாய் விட்டுக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் மடக்கிக் கேட்டுவிடலாம். அவர்கள் பையில் இருப்பது கடையின் துணி. குட்டி ஒளித்து வைத்திருப்பது தன் கண்ணாக இருந்தால்? அதனால் கேட்காமலே இருந்தாள். கேட்காததை ஈடுகட்ட, நாள் முழுக்க ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தாள். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால். இடது கண்ணில் மங்கல் நேற்றைவிட இன்று அதிகமா? வலது கண்ணிலும் ஓர் ஓரத்தில் தொடங்கிவிட்டதோ? பக்கத்து சீட்டுப் பெண், கண்ணடிக்கிறாள் என்று நினைத்து எழுந்து வேறு சீட்டுக்குப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

லீவு முடிந்து கடைக்குத் திரும்பினாள். அந்த வாரத்திலேயே அது நடந்தது.

இரண்டாம் மாடியில் சால்வைகள் அடுக்கியிருக்கும் பகுதி. அக்கா மறுகோடியில், போர்வைகளைப் புரட்டுவது போல நின்றிருந்தாள். பெரிய துணிப்பையோடு ஒரு பெண் சால்வை அலமாரி முன் நின்றாள். பார்க்கக் களைத்தவளாக இருந்தாள். ஒரு சிவப்புச் சால்வையை எடுத்தாள், விலைச்சீட்டைப் பார்த்தாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு சால்வையோடு கை பைக்குள் இறங்கியது. வெறுங்கையாக வெளியே வந்தது. அக்கா அதைப் பார்த்தாள். தெளிவாகப் பார்த்தாள்.

வாசலில் வைத்து மடக்கினாள். "பையைக் கொஞ்சம் திறங்கம்மா."

அந்தப் பெண் சண்டை போடவில்லை. பையைப் பில் மேஜை மேல் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, மருந்துப் பொட்டலம், குழந்தையின் தண்ணீர் பாட்டில், ஒற்றைக் காலுறை. சிவப்பாக எதுவும் இல்லை. மேலே போய்ப் பார்த்த விற்பனைப் பையன், சால்வை அலமாரியின் கீழ்த்தட்டிலேயே மடித்தபடி இருக்கிறது என்று சொன்னான். அவள் பைக்குள் போடவில்லை. பைக்குப் பின்னால் இருந்த தட்டில் வைத்திருக்கிறாள். எது முன்னால், எது பின்னால் என்று அக்காவின் கண்களுக்குத்தான் பிரிக்கத் தெரியவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பெண் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "நான் எடுத்ததை நீங்க பார்த்தீங்களா? உங்க கண்ணால பார்த்தீங்களா?"

அக்கா சீப்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்பதை மட்டும் எப்படியோ சொன்னாள். அந்தப் பெண் கடைசியாகக் காலுறையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பரிதாபப்பட்டார். "கொஞ்ச நாளைக்குக் கேமரா ரூம்ல உக்காருங்க. ஸ்கிரீன்ல முன்னாடி பின்னாடி பிரச்சினை இல்ல பாருங்க, எல்லாம் ஒரே தூரம்தான்" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். அக்கா அந்த இருண்ட சின்ன அறையில், வரிசையாக மின்னும் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து முதல்முறையாக அழுதாள். அழுதால் கண்ணுக்குக் கெடுதலோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் குட்டியிடம் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனாள். நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள்.

"டாக்டர், என்கிட்ட மறைக்க வேண்டாம். இடது கண்ணுல தப்பான லென்ஸை வெச்சுட்டீங்க. சரி, போகட்டும். ரெண்டு கண்ணும் என்னிக்குப் போகும்னு மட்டும் சொல்லிடுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும்மா சொன்னது இப்படி?"

"யாரும் சொல்லல. அதுதான் சந்தேகமே."

அவர் சிரிக்கவில்லை. எல்லாச் சோதனையும் திரும்பச் செய்தார். வெளிச்சத்தை அடித்து உள்ளே பார்த்தார். பிறகு ஒரு மருந்து அட்டையைக் கையில் கொடுத்து, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். கடகடவென்று படித்தாள். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரிக்கு முந்தைய வரி வரை படித்தாள்.

"இப்ப எந்தக் கண்ணால படிச்சீங்க?"

பழக்க தோஷத்தில் ஒரு கண்ணைப் பொத்தக் கையைத் தூக்கிய அக்கா விழித்தாள். தெரியவில்லை.

"அதேதாம்மா. ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சா மூளையே வேணுங்கறதை எடுத்துக்கும். சில பேருக்குச் சீக்கிரம் பழகும், சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும். நீங்க என்னடான்னா ஒவ்வொரு கண்ணாப் பொத்திப் பொத்தி விசாரணை வெச்சுக்கிட்டிருக்கீங்க. அப்புறம் ரெண்டும் எப்ப ஒத்துப்போகும்? ஒண்ணு மட்டும் உண்மை, எது முன்னாடி எது பின்னாடிங்கறதுல கொஞ்சம் தடுமாற்றம் வரும். அதை அன்னிக்கே சொன்னேன். படியில கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. டீ ஊத்தும்போது கெட்டில் மூக்கை டம்ளர் விளிம்புல தொடவெச்சு ஊத்துங்க. தூரத்துல பார்த்தது சந்தேகமா இருந்தா கிட்டப் போய்ப் பாருங்க. வேலை நேரத்துக்குன்னு ஒரு கண்ணாடி எழுதித் தரேன். எதுவுமே ஒத்து வரலைன்னா அதுக்கும் வழி இருக்கு. ஆனா உங்க கண்ணு எங்கயும் போகல."

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இறங்கின இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"அப்போ கதவுகிட்ட நின்னு என் தங்கச்சிகிட்ட, எத்தனை நாள் மறைக்கறதுன்னு கேட்டீங்களே, அது எதைப் பத்தி?"

"நானா? அன்னிக்கு உங்களுக்கு முடிச்ச கையோட அடுத்த ஆபரேஷனுக்குப் போயிட்டேனே! நான் உங்க தங்கச்சியை அப்புறம் பார்க்கவே இல்ல." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "இந்த லென்ஸைப் பத்திப் பேசினது உங்க முன்னாடிதாம்மா. ரெண்டு கண்ணும் தூரத்துக்கு வெச்சா படிக்கறதுக்குக் கண்ணாடி வேணும்னு சொன்னேன். 'அக்கா இனிமே தனியா இருப்பாங்க, கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுக்கப் பக்கத்துல ஆள் இருக்காது, கண்ணாடி இல்லாமச் சமாளிக்கற மாதிரி ஏதாவது இருக்கா'ன்னு அவங்க கேட்டாங்க. உங்களுக்குச் சம்மதமான்னு ரெண்டு தடவை கேட்டேன். தலையாட்டினீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்னுதான் நினைச்சேன்."

இனிமே தனியா. அக்கா எழுந்து நின்றாள். நன்றி சொன்னாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

பல் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. அங்கே ஓரமாக நின்றுகொண்டாள். மத்தியான நேரம். கண்ணாடிக் கதவுக்குள் குட்டி மேஜையில் உட்கார்ந்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. வலது கண் தன் வேலையைச் செய்தது. அதைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பின்னறையிலிருந்து வந்தார். நரைத்த தலை, கோட்டில் அங்கங்கே இளஞ்சிவப்பு மெழுகுக் கறை. பல் செட் செய்கிறவர். மனைவியை இழந்தவர் என்று குட்டி எப்போதோ போகிற போக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. குட்டி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. டப்பாவில் கையை விட்டு எடுத்துக்கொண்டார். குட்டி அவர் கோட்டில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டி விட்டாள்.

அடுத்தவர் பொருளில் கேட்காமல் கை வைக்கிறவர் திருடராக இருக்க வேண்டும், இல்லையென்றால் சொந்தக்காரராக இருக்க வேண்டும். அக்கா தொழிலில் கற்றது இது. பஸ் வந்தது. ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் குட்டி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"அந்தப் பல் செட்காரர் ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாரா?"

குட்டி ஒரு செருப்போடு நின்றாள். பொய் சொல்ல வாயெடுத்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்து அதை மென்று விழுங்கினாள். "அவர் கார்லதான் உன்னைக் கூட்டிட்டு வரலாம்னு... நீ வாடகைக் கார்தான் வேணும்னு பிடிவாதமா நின்னியே. அவர் சும்மா வந்து பார்த்துட்டுப் போனாரு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமாக்கா." குட்டி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "அவருக்கு வேற ஊர்ல சொந்தமா லேப் வைக்க இடம் கிடைச்சிருக்கு. என்னையும் வரச் சொல்றாரு. பதிவு பண்ணிக்கலாம்னு சொல்றாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? குழாய் ரிப்பேர் பண்ண வந்தவரையே நீ போகும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னே! இவரை நீ என்னெல்லாம் கேட்டிருப்பே? அதுவும் இல்லாம, நீ பொம்மையை மனுஷின்னு நினைச்சுப் பேசிக்கிட்டிருந்த நேரம். உன்னை அப்படியே விட்டுட்டு நான் எப்படிப் போறது? கண்ணு சரியாகட்டும், வீட்டுல எல்லாத்துக்கும் பழகிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு..."

"நான் குருடியாகப் போறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்டி." என்றாள் அக்கா. "நீ உப்பு டப்பாவுல எழுதினது, வால்வைக் காட்டினது எல்லாம் பார்த்துட்டு. எத்தனை நாள் படுத்துத் தூங்கலே தெரியுமா?"

குட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அக்கா!" என்று எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். அக்கா கையை உதறினாள். குட்டி மறுபடி பிடித்தாள். இந்தத் தடவை உதறவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறி அழுதார்கள். நடுவில் குட்டிக்கு, பஸ்ஸில் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு போன கதையைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்குக் கோபம் வந்தது. பிறகு அவளுக்கும் வந்தது, சிரிப்பு.

ஆனால் மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷம் தன் கண்ணெதிரே நடந்ததைப் பார்க்காமல் விட்டோமே என்பது வேறு அவளை அரித்தது. அதைப் புரை மேல் பழி போட்டுவிட முடியவில்லை. ஊரில் இருப்பவர்கள் பையையெல்லாம் பார்த்தவள், கூட இருந்தவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பல் செட்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அக்கா ஓட்டை வழியாக நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். முதல் மனைவிக்கு என்ன உடம்பு, எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், பிள்ளைகள் ஏன் இல்லை, முன்பு இருந்த வேலையை ஏன் விட்டார் என்று வரிசையாகக் கேட்டாள். குட்டி சமையலறை வாசலில் நின்று தவித்தாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மனைவியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். கடைசியில், "நீங்க கேட்காம இருந்திருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும் அக்கா. தங்கச்சி மேல அக்கறை இல்லையோன்னு" என்றார்.

பொடி வைத்துப் பேசுகிறாரா, மனதாரச் சொல்கிறாரா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. டீ ஊற்றினாள். டாக்டர் சொன்னபடி கெட்டிலின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொடவைத்து ஊற்றினாள். சிந்தவில்லை. அவர் அதைக் கவனித்தும் கவனிக்காதவர் போல ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த ஒரு விஷயத்துக்காக அவருக்கு மனதில் ஒரு மதிப்பெண் போட்டாள். அதையும் பென்சிலால்தான் போட்டாள்.

பதிவாளர் அலுவலகத்தில் அக்காதான் முதல் சாட்சி. கையெழுத்துப் போடும் முன் காகிதம் முழுவதையும் கண்ணாடி இல்லாமல் ஒரு வரி விடாமல் படித்தாள். பின்னால் காத்திருந்த ஜோடி அலுத்துக்கொண்டது. குட்டியின் சாமான் வண்டி கிளம்பியபோது, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, தெருக்கோடி திரும்பும் வரை பார்த்தாள்.

முதல் சில வாரம் வீடு பெரிதாகிவிட்டது. ஒரு நாள் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து எதிர்வீட்டுக்காரர் கத்தினார். ஒரு நாள் சாப்பாடு தீய்ந்தது. ஆனால் கண்ணைப் பொத்திப் பார்ப்பதை விட்டுவிட்டாள். விட்டது எப்போது என்று அவளுக்கே தெரியாது. ஒரு காலை, மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டே நிமிர்ந்து வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள், திரும்பவும் குனிந்து படித்தாள். வேலைக்குப் போகும் வழியில்தான் உறைத்தது, நடுவில் எதுவும் மங்கவில்லை என்று.

கடையில் மேனேஜர் அவளைத் திரும்பவும் மாடிக்கு அனுப்பினார். டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனாள். முன்பு போலத் தூரத்தில் நின்றே முடிவு கட்டுவதில்லை. ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் பக்கத்தில் போவாள், அதே அலமாரியில் தானும் ஒரு துணியைப் பிரித்துப் பார்ப்பாள், "இந்த நிறம் சாயம் போகுமாங்க?" என்று பேச்சுக் கொடுப்பாள். பாதிப் பேர் வெறுமனே விலை கேட்டுப் பார்த்து மனம் வராமல் நிற்பவர்கள். மீதியில் சிலர், பேச்சுக் கொடுத்ததும் எடுத்ததைத் தானாகவே வைத்துவிட்டுப் போனார்கள். பிடித்த கணக்கு குறைந்துவிட்டது என்று மேனேஜருக்குக் குறைதான். சிவப்புச் சால்வைக்காரி திரும்பவும் வருவாளா என்று அக்கா வாசலைப் பார்ப்பதுண்டு. வரவில்லை.

லீவு கிடைத்ததும் பஸ் ஏறிக் குட்டியின் ஊருக்குப் போனாள். சொல்லாமல் போனாள், அப்போதுதானே உள்ளதை உள்ளபடி பார்க்க முடியும். வீட்டில் குட்டி கால் நீட்டி உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பல் செட்காரர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். தான் வருவது தெரியாத ஒரு நாளில் யாரும் நடிக்க முடியாது என்று அக்கா கணக்குப் போட்டாள். இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்கினாள். "தங்கமான மனுஷன்" என்றாள் அவள். உடனே அக்காவுக்கு, இவளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது.

திரும்பும் நாள் பஸ் நிறுத்தத்துக்குக் குட்டி கூட வந்தாள்.

"என்னக்கா, ஆளைப் பத்தி என்ன தோணுது? உண்மையைச் சொல்லு."

"துவைக்கறாரு. சண்டை போடறதில்ல. உன் தட்டுல நல்ல துண்டை எடுத்து வைக்கறாரு." அக்கா யோசித்தாள். "ரொம்ப நல்லவரா இருக்காரு. அதுதான் இடிக்குது."

"அக்கா!"

"அடுத்த மாசம் மறுபடி வந்து பார்க்கறேன்."

"எதுக்கு?"

"சந்தேகம் இருக்குடி" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸில் ஏறினாள். ஏறும் முன் கைப்பிடியை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபோது, குட்டி கீழே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.